சரிவு கூடினால் வேகம் குறையும்

இரும்பு அயனிகள் கரைந்த தண்ணீருக்குள் ஓயாமல் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு ஒன்று, மூன்றை இழந்த இன்னோர் இரும்பிடம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கொடுத்தது மூன்றை இழந்ததாகிவிடுகிறது, வாங்கியது இரண்டை இழந்ததாகிவிடுகிறது. கணக்கு நேர். நிறம் மாறவில்லை, வெப்பம் வரவில்லை, எந்தப் பிணைப்பும் அறுபடவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரிதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்காணிக்க ஒரு வழி பிறந்தது. அணு உலைகளிலிருந்து கதிரியக்க ஐசோடோப்புகள் ஆய்வகங்களுக்குத் தாராளமாக வரத் தொடங்கின. ஒருவகை இரும்பில் மட்டும் கதிரியக்க அணுக்களைக் கலந்துவிட்டு, சற்று நேரம் கழித்து மறுவகை இரும்பைப் பிரித்தெடுத்து, கதிரியக்கம் அதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எண்ணினால் போதும். எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்று தெரிந்துவிடும்.

வந்த எண்கள் வேதியியலாளர்களைக் குழப்பின. செறிவு குறைந்த இரும்புக் கரைசலில் கைமாற்றம் முடிய நிமிடங்கள் ஆயின. பர்மாங்கனேட்டும் மாங்கனேட்டும் எலக்ட்ரானை மாற்றிக்கொண்டது அதைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில். அம்மோனியா சூழ்ந்த கோபால்ட் அயனிகளோ நாள்கணக்கில் காத்திருந்தாலும் அசையவில்லை. பிணைப்பு உடையும் வினைகளில் வேகம் வேறுபட்டால் காரணம் சொல்லலாம். இங்கே எதுவுமே உடையவில்லை. எலக்ட்ரானோ எல்லா இடத்திலும் ஒரே எலக்ட்ரான்தான். பிறகு வேகம் மட்டும் ஏன் இத்தனை கோடி மடங்கு மாறுகிறது?

இதற்கு விடை கண்டவர் ருடால்ஃப் மார்கஸ். அந்த விடைக்குள்ளேயே யாரும் எதிர்பாராத ஒரு முடிவும் ஒளிந்திருந்தது. அது நிரூபணமாக இருபத்துநான்கு ஆண்டுகள் பிடித்தன.

முப்பத்தைந்து கடிதங்கள்

மார்கஸ் 1923-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிறந்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1946-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவர் சோதனைக்கூட வேதியியலாளர். அடுத்து ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டீசி என்பவரிடம் சேர்ந்தார். ஒளிபட்டு மூலக்கூறுகள் உடையும் வினைகளுக்குப் பெயர்போன குழு அது. அளப்பதில் தேர்ந்த பிறகு, அளந்தவை ஏன் அப்படி இருக்கின்றன என்று அறியும் ஆசை வந்தது. கோட்பாட்டு வேதியியல் கற்க அன்றைய கனடாவில் வாய்ப்பில்லை. 1949-இல் அமெரிக்காவின் வட கரோலினாவுக்கு, ஆஸ்கர் ரைஸ் என்ற கோட்பாட்டாளரிடம் சென்றார். தனி மூலக்கூறு ஒன்று தன் ஆற்றலாலேயே எப்படி உடைகிறது என்பதற்கு அவர்கள் அங்கே வடித்த கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. சம்பந்தப்பட்ட நால்வரின் பெயர்களில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஆர்ஆர்கேஎம் கோட்பாடு என்பார்கள். கடைசி எழுத்து மார்கஸுடையது.

அதன் பிறகும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. 1951-இல் பேராசிரியர் பணி கேட்டு முப்பத்தைந்து கடிதங்கள் எழுதினார். முப்பத்தைந்து மறுப்புகள் வரவில்லை, எல்லோரும் பதில் போடவில்லையே என்று பிற்காலத்தில் தன்னைப் பற்றி எழுதியபோது வேடிக்கையாகக் குறிப்பிட்டார். கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக் அவரை எடுத்துக்கொண்டது. பாலிமர் ஆய்வுக்குப் பேர் பெற்ற கல்லூரி அது. மின்னூட்டம் கொண்ட பாலிமர்களைப் பற்றி ஒரு மாணவர் வகுப்பில் கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தேடிப்போன மார்கஸ் நிலைமின்னியலில் ஆழமாக இறங்கிவிட்டார். அவருக்கு எலக்ட்ரான் பரிமாற்றத்தின் மேல் அப்போது கண்ணே இல்லை. ஆனால் அதற்குத் தேவையான கருவி கைக்கு வந்துவிட்டது.

லிப்பியின் கட்டுரையில் ஓர் ஓட்டை

1955-இல் வில்லார்ட் லிப்பியின் கட்டுரை ஒன்று மார்கஸ் கண்ணில் பட்டது. கார்பனின் கதிரியக்கத்தைக் கொண்டு தொல்பொருள்களின் வயதைக் கணிக்கும் முறையைத் தந்தவர் இதே லிப்பிதான். எலக்ட்ரான் பரிமாற்றத்தின் வேகங்களுக்கு அவர் சொன்ன விளக்கம் கவர்ச்சியானது. எலக்ட்ரான் மிக லேசானது, நொடியில் தாவிவிடும். அணுக்களும் சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளும் கனமானவை, அத்தனை வேகமாக நகர முடியாது. அதனால் எலக்ட்ரான் தாவி முடித்த கணத்தில் இரண்டு அயனிகளும் பொருந்தாத சூழலில் மாட்டிக்கொள்கின்றன. மூன்று இழந்த இரும்பைச் சுற்றி, இரண்டு இழந்ததற்கேற்ற தண்ணீர் உறை. இரண்டு இழந்ததைச் சுற்றி, மூன்று இழந்ததற்கேற்ற உறை. இந்தப் பொருத்தமின்மைக்கு ஆகும் ஆற்றல்தான் வினையைத் தாமதப்படுத்துகிறது என்றார் லிப்பி.

பொருத்தமின்மை உண்மைதான். இரும்புக்கும் அதைத் தொட்டிருக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தூரம், இரண்டு வகை அயனிகளிலும் சுமார் 0.13 ஆங்ஸ்ட்ரம் வேறுபடுகிறது. அதற்கு வெளியே இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளும் மின்னூட்டத்துக்கு ஏற்பத் திரும்பி நிற்கின்றன. ஆனால் மார்கஸுக்கு ஒன்று உறுத்தியது. தாவல் முடிந்த கணத்தில் ஆற்றல் திடீரென்று கூடிப்போகிறதே, அந்தக் கூடுதலை யார் கொடுத்தது?

ஒளி வேதியியலில் இந்தக் கேள்வி எழாது. ஒரு மூலக்கூறு ஒளியை விழுங்கும்போதும் எலக்ட்ரான் தாவுகிறது, அணுக்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன, பொருத்தமற்ற நிலை உண்டாகிறது. அங்கே வித்தியாசத்தை ஃபோட்டான் ஈடுகட்டுகிறது. லிப்பி ஒளிக்குரிய விதியை எடுத்து இருட்டில் நடக்கும் வினைக்குப் பொருத்திவிட்டார். இருட்டில் ஈடுகட்ட ஆளில்லை. ஆற்றல் அழிவின்மை விதி அங்கே மீறப்படுகிறது.

அப்படியானால் வரிசையை மாற்றவேண்டும். எலக்ட்ரான் தாவிய பிறகு சூழல் சரிசெய்துகொள்வதில்லை. சூழல் முதலில் கலைந்து ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு வரவேண்டும், அதற்குப் பிறகே எலக்ட்ரான் தாவலாம். வெப்பத்தால் தண்ணீர் மூலக்கூறுகள் சதா ஆடிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டத்தில் எப்போதாவது, எலக்ட்ரான் இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் மொத்த ஆற்றல் ஒன்றே என்ற அமைப்பு தற்செயலாக உருவாகும். தாவல் அந்தக் கணத்தில் மட்டுமே சாத்தியம். நடுக்கடலில் இரண்டு படகுகள் அருகருகே நிற்கும்போது மீன்பெட்டியை மாற்றுபவர்கள், அலையில் இரண்டு தளங்களும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை காத்திருந்து சட்டென்று தள்ளிவிடுவதைப் போன்றது இது. பெட்டியின் கனமும் ஆளின் பலமும் இங்கே இரண்டாம்பட்சம். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மட்டம் சரியாகிறது என்பதே முக்கியம்.

இதைக் கணக்காக்குவதற்கு நிலைமின்னியல் கை கொடுத்தது. சமநிலையில் இல்லாத ஒரு கரைப்பானின் ஆற்றலைக் கணிக்கும் வழியை மார்கஸ் வகுத்தார். முதல் கட்டுரை 1956-இல் வெளியானது. பிறகு அவர் நியூயார்க்குக்கு அருகே உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்துக்குப் போய், நார்மன் சுட்டின் போன்ற சோதனையாளர்களுடன் தன் சூத்திரங்களை அளவீடுகளோடு ஒப்பிட்டார். இரண்டு பொருள்களும் தம் இனத்துக்குள் எலக்ட்ரானை மாற்றிக்கொள்ளும் வேகம் தெரிந்தால், அவை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். பெரும்பாலும் அவர் சொன்னதை ஒட்டியே எண்கள் வந்தன.

சூத்திரத்தின் மறுபாதி

சூத்திரத்தில் இரண்டே அளவுகள். ஒன்று, எலக்ட்ரான் போய்ச் சேர்வதால் மொத்தத்தில் குறையும் ஆற்றல். இதைச் சரிவு என்று சொல்வோம். இன்னொன்று மறுசீரமைப்பு ஆற்றல். எலக்ட்ரானை நகர்த்தாமலேயே, அது நகர்ந்த பின் எப்படி இருக்குமோ அப்படிச் சூழலை மாற்றியமைக்க ஆகும் செலவு அது. வேதியியலாளர்கள் இதை லாம்டா என்பார்கள். லாம்டாவிலிருந்து சரிவைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தி, லாம்டாவின் நான்கு மடங்கால் வகுத்தால் வினை தாண்டவேண்டிய ஆற்றல் தடை கிடைக்கும்.

லாம்டா 1.2 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். சரிவு சுழியம் என்றால் தடை 0.3. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். தடை அதைப்போல் பன்னிரண்டு மடங்கு என்பதால், தோதான அமைப்பு உருவாகும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஆறு. சரிவை 0.6 ஆக்கினால் தடை 0.075-க்கு இறங்குகிறது. சரிவு 1.2 ஆனால் தடையே இல்லை. இதுவரை எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

சரிவை இன்னும் கூட்டுவோம். 1.8 ஆக்கினால் தடை சுழியத்திலேயே நிற்கவில்லை, மறுபடி 0.075 ஆகிறது. 2.4 ஆக்கினால் மீண்டும் 0.3. வினையைக் கீழே இழுக்கும் சரிவு இரண்டு மடங்கானதும் வேகம் சரிவே இல்லாத காலத்துக்குத் திரும்பிவிட்டது. மார்கஸ் 1960-இல் இதைச் சொன்னார். அந்தப் பிரதேசத்துக்குத் தலைகீழ்ப் பகுதி என்று பெயர் விழுந்தது.

படகுகளை நினைத்தால் இது விந்தையில்லை. எதிர்ப்படகு உயரத்தில் இருந்தால் அது தாழும்வரை காத்திருக்கிறோம். சரிவு லாம்டாவுக்குச் சமமானால் இரண்டும் ஏற்கனவே ஒரே மட்டம். சரிவு அதையும் மிஞ்சினால் எதிர்ப்படகு கீழே போய்விடுகிறது, அது மேலே ஏறிவரும்வரை காத்திருக்கவேண்டும். பெட்டியைத் தூக்கி வீச இங்கே அனுமதியில்லை. மிஞ்சும் ஆற்றலை வாங்கிக்கொள்ள இருட்டில் ஆளில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஆனாலும் வேதியியலாளர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆற்றல் எவ்வளவு கூடுதலாக விடுபடுகிறதோ அவ்வளவு விரைவாக வினை நடக்கும் என்பது அவர்களுடைய அன்றாட அனுபவம். ஒளி வேதியியலாளர்கள் இதைச் சோதிக்க நல்ல இடத்தில் இருந்தார்கள். ஒரு மூலக்கூறை ஒளியால் கிளர்வூட்டிவிட்டு, பக்கத்தில் எலக்ட்ரான் தரும் பொருளை வைத்தால், அது தரும் வேகத்தில் ஒளிர்வு மங்கும். 1970-இல் டீட்டர் ரேமும் ஆல்பர்ட் வெல்லரும் அறுபதுக்கும் மேற்பட்ட இணைகளை அப்படி அளந்து வெளியிட்டார்கள். சரிவு கூடக் கூட வேகம் ஏறியது, பின் ஒரு மேட்டில் சமமாக நின்றது. கடைசிவரை இறங்கவே இல்லை. மார்கஸின் மறுபாதி வெறும் கணிதத் தோற்றம்தானோ என்ற ஐயம் பரவியது.

கோளாறு அளவீட்டில் இல்லை, இணைகள் சந்திக்கும் விதத்தில் இருந்தது. இரண்டும் திரவத்தில் மிதந்துவந்து ஒன்றையொன்று தொட்டால்தான் எலக்ட்ரான் தாவ முடியும். வந்து சேர்வதற்கு ஆகும் நேரம், தாவ ஆகும் நேரத்தைவிட அதிகம். எனவே தாவல் சற்றே மந்தமானாலும் கடிகாரத்தில் தெரியாது. அளந்தது பயண நேரத்தை மட்டுமே.

ஒரு ஸ்டீராய்டின் இரு முனைகள்

பயணத்தையே ஒழித்துவிட்டால்? அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஜான் மில்லரும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லிடியா கால்கடெராவும் கெர்ஹார்ட் க்ளோஸும் இதைச் செய்தார்கள். எலக்ட்ரானைக் கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே மூலக்கூறின் இரு முனைகளில் வைத்துத் தைத்துவிட்டார்கள். நடுவில் இருந்தது ஒரு ஸ்டீராய்டு எலும்புக்கூடு. நம் உடலின் பாலின ஹார்மோன்களில் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையங்கள் அவை. வளையாது, மடியாது. ஒரு முனையில் எப்போதும் பைஃபினைல். மறுமுனையில் எட்டு வெவ்வேறு வாங்கிகள், நாஃப்தலீனில் தொடங்கி குளோரின் ஏற்றிய பென்சோகுயினோன்வரை. வாங்கியை மாற்றினால் சரிவு மட்டும் மாறும். இடைவெளி எல்லாவற்றிலும் ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ரம்தான்.

முடுக்கியிலிருந்து வந்த எலக்ட்ரான் துடிப்பைக் கரைசலுக்குள் செலுத்தினார்கள். துடிப்பின் நீளம் ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பத்து பங்குகள். இப்படி வந்த எலக்ட்ரான்களில் ஒரு பகுதி பைஃபினைல் முனையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரான் ஏறிய பைஃபினைலுக்கு ஒரு நிறம், எலக்ட்ரான் ஏறிய வாங்கிக்கு இன்னொரு நிறம். ஒன்று மங்கி மற்றது ஓங்கும் வேகம்தான் தாவலின் வேகம்.

சரிவு ஏறக்குறைய இல்லாத நாஃப்தலீனில் தாவல் நொடிக்குப் பத்து லட்சம் என்ற அளவில் நடந்தது. சரிவு 1.2 எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கியபோது அது நூறு கோடியைத் தாண்டியது. சரிவு 2.4 ஆன கடைசி வாங்கியில் மறுபடி பத்துக் கோடிக்குக் கீழே வந்துவிட்டது. மேலே ஏறிக் கீழே இறங்கும் மணி வடிவம் அப்படியே கிடைத்தது. 1984-இல் கட்டுரை வெளியானபோது மார்கஸின் கணிப்புக்கு வயது இருபத்துநான்கு. இறங்கும் பக்கம் சூத்திரம் சொன்ன அளவுக்குச் செங்குத்தாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மூலக்கூறின் உள்ளதிர்வுகள் குவாண்டம் வழியில் மிச்ச ஆற்றலில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கின்றன, அதனால் சரிவு மிகுந்த பக்கம் சற்றே இளகுகிறது.

இலை கற்றுக்கொடுத்தது

தலைகீழ்ப் பகுதி இல்லாவிட்டால் ஒளிச்சேர்க்கைக்குப் பெரிய சிக்கல் வந்திருக்கும். பச்சையம் ஒளியை வாங்கியதும் எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவுகிறது. இப்போது அதற்கு இரண்டு வழிகள். முன்னோக்கி அடுத்த மூலக்கூறுக்குப் போகலாம், அல்லது வந்த வழியே திரும்பிப் பச்சையத்தின் அடிநிலையில் விழலாம். திரும்பினால் ஒளி வெறும் வெப்பமாகி வீணாகும். திரும்பும் வழியில்தான் சரிவு மிக அதிகம். சரிவே வேகத்தைத் தீர்மானிக்குமானால் எலக்ட்ரான் எப்போதும் திரும்பிவிடும், உலகில் பச்சை நிறத்துக்கே வேலை இருக்காது.

1980-களின் நடுவில் ஹார்ட்முட் மிச்செல், யோஹான் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபர் மூவரும் ஊதா நிற பாக்டீரியம் ஒன்றின் ஒளிச்சேர்க்கை மையத்தை அணு அணுவாகப் படம்பிடித்தார்கள். 1988-இல் அதற்கு நோபெல் கிடைத்தது. அங்கே பச்சையத்திலிருந்து முதல் எலக்ட்ரான் புறப்பட்டுப் போவதற்கு ஆகும் நேரம் சுமார் மூன்று பைக்கோ நொடி. அடுத்த தாவல் சுமார் இருநூறு பைக்கோ நொடி. முன்செல்லும் வழியை அடைத்துவிட்டு எலக்ட்ரான் திரும்புவதை அளந்தால், அதற்குப் பத்து நானோ நொடிக்கு மேல் ஆகிறது. புறப்பாட்டைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தாமதம். புரதத்தின் உட்புறம் தண்ணீரைப் போல ஆடித் திரும்பும் இடமில்லை, லாம்டா மிகச் சிறியது. எனவே சின்னச் சரிவே முதல் தாவலை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது, திரும்பும் பெருஞ்சரிவோ தலைகீழ்ப் பகுதியில் ஆழமாக விழுகிறது. இந்த மையம் விழுங்கும் ஃபோட்டான்களில் ஏறத்தாழ ஒன்றுகூட வீணாவதில்லை.

மார்கஸ் 1965-இல் இதன் மறுபக்கத்தையும் சொல்லியிருந்தார். கரைசலில் சில எலக்ட்ரான் பரிமாற்றங்களின்போது ஒளி வெளிப்படுகிறது. அது ஏன் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை, தலைகீழ்ப் பகுதியின் நேரடி விளைவுதான். எலக்ட்ரான் நேராக அடிநிலைக்கு வந்தால் சரிவு மிக அதிகம், அதனால் மந்தம். கிளர்வு நிலைக்கு வந்தால் சரிவு மிதம், அதனால் வேகம். எனவே மூலக்கூறு முதலில் கிளர்ந்து, பிறகு ஒளியை உமிழ்ந்து அமைதியாகிறது. தைராய்டு பரிசோதனை அறிக்கையில் முறை என்ற பத்தியில் 'இசிஎல்ஐஏ' என்று அச்சிட்டிருந்தால், ரத்தத்தில் உள்ள ஹார்மோனை எண்ணியது இப்படியொரு ஒளிதான். எதிர்ப்பொருளோடு ஒட்டிய ருத்தேனியம் சேர்மம் மின்வாயின் மேல் எலக்ட்ரானைப் பெற்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், கருவி அந்த ஒளியை அளந்து ஹார்மோனின் அளவைச் சொல்லும்.

மார்கஸ் 1964-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கும், 1978-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் மாறினார். 1992-இல் வேதியியல் நோபெல் அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது மின்வேதியியல் கூட்டம் ஒன்றுக்காக டொரன்டோவில் இருந்தார். ஸ்டீராய்டு மூலக்கூறுகளைத் தைத்தவர்களில் ஒருவரான க்ளோஸ் அதே ஆண்டு, அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு காலமாகிவிட்டார். 2023-இல் மார்கஸுக்கு நூறு வயது நிறைந்தது.

அவருடைய மணி வடிவம் இப்போது வடிவமைப்பாளர்களின் அளவுகோல். 1991-இல் மைக்கேல் கிராட்ஸலும் பிரையன் ஓரீகனும் சுவிட்சர்லாந்தில் செய்த சாயம் பூசிய சூரிய மின்கலத்தில், சாயத்திலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடுக்கு எலக்ட்ரான் சில பைக்கோ நொடிகளுக்குள் போய்விடுகிறது. சாயத்துக்கே திரும்பிவர மைக்ரோ நொடிகள் ஆகின்றன. ஒளியை ஆற்றலாக்க முயலும் செயற்கை மூலக்கூறுகளில் அறுபது கார்பன் அணுக்களாலான பந்து ஒன்றை வாங்கியாக வைக்கிறார்கள். பெரிய பந்து, மின்னூட்டம் அதன் மேல் பரவிவிடுகிறது, சூழல் அதிகம் கலைய வேண்டியதில்லை. லாம்டா சிறிதாகி, போவது விரைவாகவும் திரும்புவது மந்தமாகவும் ஆகிறது.

எனவே ஒளியைப் பிடித்துவைக்க ஒரு மூலக்கூறை வடிவமைப்பவர், எலக்ட்ரானை எவ்வளவு பலமாக இழுப்பது என்று மட்டும் பார்த்தால் போதாது. போகும் சரிவு எவ்வளவு, திரும்பும் சரிவு எவ்வளவு, இரண்டும் அந்தச் சூழலின் லாம்டாவோடு ஒப்பிட்டால் எங்கே விழுகின்றன என்று கேட்கவேண்டும். முதலாவது லாம்டாவுக்கு அருகிலும் இரண்டாவது அதைவிட வெகுதூரத்திலும் அமைந்தால் ஒளி தங்கும். மாறி அமைந்தால், எத்தனை விலையுயர்ந்த சாயமானாலும் அது வெயிலில் சூடாவதோடு சரி.